மச்சானை மச்சாளாக்கிய பாட்டு

அந்தப் பாட்டை நான் முதன்முதலாகக் கேட்டது கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற பஸ்ஸில். காலை ஏழரை இருக்கும். பெரியகல்லாற்றில் ஏறி, இருக்க இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாரதியின் தலைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கியில் கிற்றார் சத்தம் வந்தது. பிறகு ஒரு ஆணின் குரல். அந்தக் குரல் யாருடையது என்று தெரிய எனக்கு முதல் சொல்லே போதும். நான்கு வருசம் என்னோடு பேசிய குரல் அது. ஆனால் அது பாடிய வரிகள் என்னுடையவை.

தோணி கட்டின கம்பு இருக்கு
தோணியத்தான் காணல்ல
வாறன் எண்டு போன மச்சாள்
வாசலுக்கும் வரல்ல

நான் கட்டியது ‘மச்சான்’. அவன் பாடியது ‘மச்சாள்’. மாற்றியது அவ்வளவுதான். விட்டுப் போனவன் அவன். அந்த ஒரு சொல்லால் விட்டுப் போனவள் நானாகிவிட்டேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “பாவம், ஆரோ ஒருத்தி இந்தப் பொடியன நல்லா அழ வச்சிட்டாள்” என்று தன் தோழியிடம் சொன்னாள். நான் களுவாஞ்சிகுடியில் இறங்க வேண்டியவள். இரண்டு தரிப்பிடம் தள்ளித்தான் இறங்கினேன். வெயிலில் திரும்பி நடந்து வேலைக்குப் போனேன்.

நான் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். வருகிறவர்களின் கையில் பட்டி கட்டி, நரம்பைத் தேடி, ஊசி ஏற்றி இரத்தம் எடுப்பது என் வேலை. கை நடுங்கக்கூடாத வேலை. அன்று காலை முதல் மூன்று பேரை என்னோடு வேலை செய்கிற மற்றப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டு எப்படி உண்டானது என்று சொல்ல வேண்டும். அவன் தேற்றாத்தீவைச் சேர்ந்தவன். கலியாண வீடுகளுக்கு வாசிக்கிற இசைக்குழுவில் கிற்றார் வாசித்தான். அக்காவின் கலியாணத்துக்கு வாசிக்க வந்தபோது பழக்கம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குத்தான் போய் இருப்பான். அதனால் பெண்ணுக்கு ஒரு வீடு வேண்டும். அம்மாவின் வீடு அக்காவுக்குப் போயிற்று. எனக்குப் பின்வளவில் அப்பா ஒரு வீடு தொடங்கினார். அப்பாவுக்கு வாவியில் தோணியும் வலையும்தான். சுவர் எழும்பிக் கூரையும் ஏறிவிட்டது. சாந்து பூசவில்லை. நிலம் வெறும் மண். அவன் அந்த வீட்டுக்குள் வந்து, சுவரில் கையை வைத்துப் பார்த்து, “பரவால்ல, மெல்ல மெல்லக் கட்டலாம்” என்று சொன்னவன்தான்.

நான்காவது வருசம் ஒரு சனிக்கிழமை வருவதாகச் சொன்னான். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கைத்தொலைபேசியில் நான்கு வரி எழுதி அனுப்பினான். வீட்டில் வேறு இடம் பேசிவிட்டார்களாம், அம்மாவை எதிர்க்க ஏலாதாம், தன்னை மறந்துவிடட்டுமாம். நகரத்துப் பக்கம் மாபிள் போட்ட மாடிவீட்டோடு ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன்.

அந்தக் கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயில் ஏதோ மெட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கரடியனாற்றில் பெரியம்மாவுக்கு வயல் உண்டு. அறுவடைக்குப் போகிற நாட்களில் அந்த வயல் வட்டையில் பெண்கள் வேலை செய்துகொண்டே நான்கு நான்கு அடியாகக் கட்டிப் பாடுவார்கள். அதைக் கவி என்போம். ஒருத்தி தொடங்க இன்னொருத்தி மறுமொழி கட்டுவாள். அந்த மெட்டில் எனக்குச் சொற்கள் வந்தன. மூன்று கவி கட்டினேன். முதலாவதைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, வாவியில் மிதக்கிற ஆற்றுவாழையை வைத்துக் கட்டியது:

ஆத்துவாழ பூத்துக் கிடக்கு
அள்ளி வைக்க ஆளில்ல
காத்திருந்த கண்ணு ரெண்டும்
கலங்கினாலும் கேள்வியில்ல

மூன்றாவது, வீட்டைக் கண்டு கிறுகித் திரும்பிப் போனவனுக்கு:

சாந்து பூசாச் சுவரக் கண்டு
சடக்கெண்டு கிறுகின மச்சான்
மாபிள் போட்ட வீட்டக் கண்டு
மாலைக்குக் கழுத்து வச்சான்

மூன்றையும் பாடி, குரல்பதிவாக அவனுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டான் என்பதற்கான அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. எட்டு மாதம் கழித்து, கலியாணமும் முடித்துக்கொண்டு, அதே பாட்டை கிற்றாரோடு இணையத்தில் போட்டான். பாடலும் இசையும் தான் என்று தன் பெயரைப் போட்டிருந்தான். மூன்றாவது கவியை விட்டுவிட்டான். அதை மச்சாளாக மாற்ற முடியாது. எங்கள் பக்கம் வீடு பார்த்துப் போகிறவன் ஆண்தான் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

பாட்டு பரவிய வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆட்டோக்களில், கோழிக்கடையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயில். ஒருநாள் அப்பா வலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் அது ஓடியது. அப்பா நின்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “இது உன்ட பாட்டெல்லா? கம்பு நம்மட இறங்குதுறைக் கம்பு” என்றார். நான் பாட்டைக் கட்டிய கிழமை தோணி பழுது பார்க்கப் போயிருந்தது. கம்பு மட்டும் தனியே நின்றது. அதைத்தான் நான் பாடினேன். ஓம் என்றேன். அவர் வலையை உதறிக் கட்டினார். அது தேவைக்கு மேல் நேரம் எடுத்தது.

ஊருக்கு அவனும் நானும் பழகியது தெரியும். ஆகவே மச்சாள் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கடையில் என்னைக் கண்டால் பேச்சு நிற்கும். எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் சின்னம்மா பார்க்க வந்தவர், தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்.

“கோவிக்கப்படாது அக்கா. அந்தப் பாட்டுப் புள்ள இவதானாமே?”

அம்மா, “அது பொய்க் கதை” என்றார்.

“பொய்யெண்டா அவன் ஏன் அப்பிடி அழுதழுது பாடுறான்?”

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அம்மா அன்று எனக்கு ஏசினார். பாட்டைக் கட்டியதற்கு அல்ல, அதை அவனுக்கு அனுப்பியதற்கு. “கோபம் வந்தா கோபத்த உனக்குள்ள வச்சிரு. அவன்ட கையில ஏன் குடுத்தாய்?” என்றார்.

அதற்குள் மற்றவர்களும் பாட்டைப் பாடத் தொடங்கியிருந்தார்கள். அவற்றை ஒன்று விடாமல் கேட்டேன். ரசித்துக் கேட்கவில்லை. எதிரி வீட்டு வாசலில் யார் யார் வந்து போகிறார்கள் என்று ஒளித்துப் பார்ப்பதுபோல் கேட்டேன். காத்தான்குடிப் பொடியன் ஒருவன் வாத்தியம் எதுவுமில்லாமல் மேசையில் விரலால் தட்டிப் பாடினான். அவன் குரல் அசலை விட நல்லது. எனக்கு அதில் ஒரு சந்தோசம். கட்டாரில் வேலை செய்கிற ஒருவர், வேலை உடுப்போடு கட்டிலில் இருந்து பாடினார். அவருக்கு மச்சாள் என்பது ஊரில் இருக்கிற மனைவி. விட்டு வந்தவர் தான்தான் என்று தெரிந்தும், அவள் வராததற்கு அழுதார். ஒரு கலியாண இசைக்குழு அதை ஆட்டப் பாட்டாக்கி மேளத்தோடு அடித்தது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் அதற்கு ஆடினார்கள். பிரிவுப் பாட்டுக்கு ஆடுகிறோம் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இணையத்தில் பாட்டின் பொருளை விளக்குகிற ஒருவரும் வந்தார். அரை மணி நேரம் பேசினார். தோணி ஆன்மாவாம், கம்பு உடம்பாம், பெண் மனம் ஆற்றுவாழை போல வேரில்லாமல் மிதப்பதாம். அதன் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் உண்மை உண்மை என்று எழுதியிருந்தார்கள். நான் அந்த இடத்தில் தொலைபேசியை நிறுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். வேரில்லாதவள் நான் என்று என் வரியைக் கொண்டே சொல்கிறார்கள்.

ஆனாலும் அந்த வருசம் முழுக்க நான் எதுவும் செய்யவில்லை. செய்ய வைத்தது அவனுடைய அம்மா.

ஒரு திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றில் சீனி பார்க்க அவர் வந்தார். என்னைக் கண்டதும் கதவடியில் நின்றார். நிலையத்தில் அன்று நான் மட்டும்தான். வந்து இருந்தார். முன்பு நான் அவரை மாமி என்று கூப்பிட்டவள்.

“கைய நீட்டுங்க அம்மா” என்றேன்.

அம்மா என்றதை அவர் கவனித்தார். கையை நீட்டினார். பட்டியைக் கட்டி, முழங்கை மடிப்பைத் தடவி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

“நல்லாத்தான் இருக்காய் போல.”

“ஓம்.”

“என்ட மகன்தான் இன்னும் அந்தப் பாட்டப் பாடிப் பாடித் திரியிறான். பெஞ்சாதி புள்ள எண்டு வந்தும் அவனுக்கு மனம் ஆறல்ல. நீ அவனுக்கு அப்பிடிச் செஞ்சிருக்கப்படாது மகள்.”

ஊசி கையில் இருந்தது. அவருடைய நரம்பு நீலமாக, தெளிவாகத் தெரிந்தது. “நான் என்ன செஞ்ச?” என்று கேட்டேன்.

“விட்டிட்டுப் போனதுதானே?”

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தில் கள்ளம் இல்லை. வேறு இடம் பேசியது இவர் என்று அவன் எனக்கு எழுதியிருந்தான். நான் விட்டுப் போய்விட்டேன் என்று இவரிடம் சொல்லி, இவர் மனம் இளகி, அதன் பிறகுதான் மாபிள் வீடு பேசியிருக்கிறார். இரண்டு பக்கமும் சொன்ன பொய் ஒரு வாயிலிருந்துதான் வந்திருக்கிறது. நோகாமல் ஊசியை ஏற்றினேன். குழாய் நிறைந்தது. பஞ்சை வைத்து மடித்துப் பிடிக்கச் சொன்னேன்.

“அம்மா, அந்தப் பாட்டில மூண்டாவது கவி ஒண்டு இருக்கு. உங்கட மகனிட்டக் கேளுங்க” என்றேன்.

“அது என்ன கவி?”

“அவருக்குத் தெரியும்.”

அன்று மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. அவனுடைய பாட்டை மறுபடி பாடியவர்களில் ஒரு ஆசிரியை இருந்தார். கணிதம் படிப்பிப்பவர், குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பாடிப் போடுவார். அவர் தேற்றாத்தீவுதான். அவனுடைய அம்மாவின் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. அதற்காகவே அவரைத் தேர்ந்தேன். எழுதினேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட கையோடு நிலையத்துக்கு வந்தார். என்னுடைய பழைய குரல்பதிவைப் போட்டுக் காட்டினேன். அனுப்பிய நாளும் அதில் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை கேட்டார்.

“இதப் போடட்டா?”

“என்ட குரலப் போட வேணாம். நீங்க பாடுங்க. மூண்டையும் பாடுங்க. மச்சான் எண்டே பாடுங்க.”

“ஆர் கட்டின எண்டு கேட்டா?”

“பெரியகல்லாத்துப் புள்ள ஒருத்தி எண்டு சொல்லுங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அவன் என்னட்டப் படிச்சவன்தான். கணக்கில எப்பவும் பக்கத்துப் புள்ளையப் பாத்து எழுதுவான்” என்றார்.

அவர் பாடியது அந்தக் கிழமையே வந்தது. தேங்காய் துருவிக்கொண்டே பாடுகிறார். முதல் இரண்டு கவியையும் துக்கமாகப் பாடி, மூன்றாவதுக்கு வந்ததும் துருவுவதை நிறுத்தி, நேரே பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். ‘கழுத்து வச்சான்’ என்று முடித்துவிட்டு மறுபடி துருவத் தொடங்கினார். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. பாட்டின் முழுப் பொருளும் அங்கே கவிழ்ந்தது. பிறகு பாடியவர்கள் யாரும் அந்தக் கவியை விடவில்லை. காத்தான்குடிப் பொடியன் மூன்று கவியோடு திரும்பப் பாடினான். கலியாண இசைக்குழு மூன்றாவது கவிக்குத்தான் மேளத்தைக் கூட்டியது. பொருள் விளக்கியவர் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

ஒரு மாதத்துக்குள் அவன் வந்தான். மத்தியானம், நிலையம் வெறிச்சோடியிருந்த நேரம். நான் குழாய்களைக் குளிர்ப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றான்.

“நிப்பாட்டச் சொல்லு.”

“ஆருக்கு?”

“எல்லாருக்கும். மாமனார் கேக்கிறார், கவியில வாற வீடு நம்மட வீடா எண்டு. கேற்றடியில பொடியனுகள் நிண்டு பாடுறானுகள்.”

“வாத்தியார் அம்மாக்குச் சொல்லிப் பாருங்க.”

“நான் உன்ட பேரையும் சேத்துப் போடுறன். பாடல் வரி எண்டு. சரியா? நீ ஒருக்கா வந்து, சும்மா சிரிக்கப் பகிடிக்குக் கட்டின கவி எண்டு சொல்லிவிடு.”

“பகிடிக்கு ஆரும் ஒரு கிழமை சாப்பிடாம இருப்பாங்களா?”

அவன் கதிரையில் இருந்தான். அழுவான் போல இருந்தது. முந்தியும் இப்படித்தான், பிடிபட்டால் அழுவான். நான் ஆறுதல் சொல்வேன். இந்த முறை நான் கையுறையை மாட்டிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னேன்.

“சித்திரை விளையாட்டு விழாவுக்கு நம்மட ஊருக்குப் பாட வாறீங்கதானே? அங்க மேடையில மூண்டு கவியையும் பாடுங்க. மச்சான் எண்டு. பாடினா நான் எல்லாரிட்டயும் பேசுறன்.”

“உனக்கு விசர்” என்று எழுந்து போனான்.

அவன் பாடமாட்டான் என்று தெரிந்துதான் கேட்டேன். ஆகவே ஆயத்தமானேன். அக்கா எங்கள் ஊர்ப் பெண்களின் கயிறிழுத்தல் அணியில் இருந்தாள். பயிற்சிக்கு வருகிற அத்தனை பேருக்கும் நான் கவியைச் சொல்லிக் கொடுத்தேன். இழுப்பதற்கு எண்ணிக்கை சொல்வதற்குப் பதில் அதைச் சொல்லி இழுத்தார்கள். நன்றாக இழுபட்டது.

விழா நாள், பின்னேரம் நாலரை. வெயில் இன்னும் மைதானத்தில் கிடந்தது. கயிறிழுத்தலில் எங்கள் பெண்கள் வென்று, உள்ளங்கை சிவந்து, சாக்கு விரிப்பில் மேடைக்கு முன்னால் இருந்தார்கள். பரிசளிப்புக்கு முன் பாட்டு. அவன் ஏறி, வேறு இரண்டு பாட்டுப் பாடினான். கூட்டம் இந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டது. மறுக்க முடியாமல் தொடங்கினான். முதல் கவி, மச்சாள். இரண்டாவது கவி. கிற்றாரை நிறுத்தி நன்றி என்று சொல்ல வாயெடுத்தான். அக்கா இருந்த இடத்திலிருந்து மூன்றாவது கவியை எடுத்தாள்.

சாந்து பூசாச் சுவரக் கண்டு...

மற்றப் பெண்கள் சேர்ந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் சேர்ந்தார்கள். அவன் அடுத்த பாட்டுக்கு வாசிக்கும்படி கீபோட் வாசிப்பவருக்குக் கை காட்டினான். அவர் அவனுடைய பழைய கூட்டாளி, எங்கள் நான்கு வருசமும் அறிந்தவர். கையை எடுக்கவில்லை. அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கவி இரண்டாம் முறையும் சுற்றி வந்தது. அவன் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றான். அவன் காது சிவந்ததை நான் வாகை மரத்தடியில் நின்று பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரக்கம் வரவில்லை. அத்தனை நாளும் இறங்காத சோறு அன்று இறங்கியது போலிருந்தது.

முன்வரிசையில் அவனுடைய மனைவி இருந்தாள். மடியில் பிள்ளை. அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டாம் முறை கவி வந்தபோது யாரோ அவளைச் சுட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மைதானத்தைக் கடந்து வாகனத்துக்குப் போனாள். கவியில் மாபிள் வீடு என்று நான் கட்டியது அவள் பெற்றோர் அவளுக்காகக் கட்டிய வீடு. எனக்கு அப்பா தொடங்கிக் கொடுத்தது போல. அவளுக்கு நான் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மன்னிப்புக் கேட்கவும் போகவில்லை. கேட்டால் அவனையும் மன்னித்தது போலாகிவிடும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பாட்டை எங்கும் பாடியதில்லை. ஆனால் கடைசியாக ஒரு வேலை செய்தான். இணையத்தில் தன் பெயரை எடுத்துவிட்டு, ‘மட்டக்களப்பு நாட்டார் பாடல்’ என்று போட்டான். தனக்கு இல்லாதது எனக்கும் இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பான். மெட்டு கரடியனாற்றுப் பெண்களுடையது என்பது உண்மைதான். அதனால் அவன் சொன்னதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

போன மாதம் வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் இரத்தப் பரிசோதனைக்கு வந்தாள். ஊசியைக் கண்டு பயந்து, பயம் தெரியாமலிருக்க மெல்லப் பாடினாள். அதே பாட்டு.

“நல்ல பாட்டுகா” என்றாள். “நம்மட அம்மாக்கள் அந்தக் காலத்தில பாடினதாம்.”

“இல்லகா. அது நான் கட்டின.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மெய்யாவா? அப்ப அந்த மச்சான் ஆரு?”

நரம்பு கிடைத்தது. ஊசியை ஏற்றிவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். அவன் பெயர், ஊர், ஒழுங்கை, அம்மாவின் வீட்டு மதிலுக்கு என்ன நிறம், மாபிள் வீடு எந்தச் சந்தியில் இருக்கிறது, எல்லாம். குழாய் நிறைந்து, ஊசியை எடுத்து, பஞ்சும் ஒட்டிவிட்டேன். அவள் எழும்பவில்லை. வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்த இரண்டு பேரும் எழுந்து கதவடிக்கு வந்து நின்றார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து இன்னொருக்காச் சொன்னேன்.